அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார், மாத்திரையை மட்டும் போடுவதில்லை. டாக்டர் எப்படிப் பேசினால் கேட்பார்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கு 61 வயது, பர்மாவில் பெகு ஊரில் இருக்கிறார், ஆறு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும். மாதம் ஒரு தடவை ரங்கூனுக்குக் கூட்டிவந்து ஒரு பர்மிய டாக்டரிடம் காட்டுகிறீர்கள். அங்கே டாக்டர் சொல்வதற்கெல்லாம் "ஹொக்கே, ஹொக்கே சயா" (சரிங்க, சரிங்க ஐயா) என்று தலையாட்டுகிறார், வீட்டுக்குப் போனதும் மாத்திரையைத் தன் இஷ்டத்துக்குப் போடுகிறார், கேட்டால் எரிந்து விழுகிறார். காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இந்த வருடம் தீமிதிக்கு வேறு வேண்டிக்கொண்டிருக்கிறார். "டாக்டர் எப்படிப் பேசினால் அப்பா கேட்பார், இல்லை டாக்டரையே மாற்றிவிடலாமா" என்பது நீங்கள் எழுதியது. எனக்குப் பட்டவரையில் உங்களைக் குடைகிற கேள்வி வேறு: எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்கிற மனிதர் ஏன் ஒன்றையும் செய்வதில்லை? அதைப் பிடித்துவிட்டால் மற்றது பாதி தானாக வந்துவிடும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இதில் எதை எடுத்துக்கொள்வது எதை விடுவது என்று உங்களுக்குத் தெரியும். ரங்கூனில் இருபத்தெட்டு வருடமாக மாலை கிளினிக் வைத்திருக்கிறேன். ஸ்பெஷலிஸ்ட் இல்லை, தெருமுனை ஜிபி. 1988-ல் கல்லூரிகளை மூடியபோது படிப்பு நடுவில் நின்று, திறந்த பிறகு போய் முடித்த தலைமுறை. சாயங்காலம் 5 மணியிலிருந்து 9 மணிக்குள் நாற்பது பேர் வருவார்கள். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஆறு நிமிஷம், கரண்ட் போய் ஜெனரேட்டர் போடுகிற நேரத்தைக் கழித்தால் அதுவும் இல்லை. பாதிப்பேர் பர்மியர், மீதி பெரும்பாலும் நம் தமிழ் ஆட்கள். அதனால் கீழே வருவதில் படித்தது கொஞ்சம், பட்டது நிறைய. உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அவர் மருந்துச் சீட்டையும் பார்க்கவில்லை. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இப்போது அந்த "ஹொக்கே"க்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பர்மிய மொழியில் "ஆனாடே" என்று ஒரு சொல் உண்டு. எதிரில் இருப்பவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது, அவர் முகம் வாடக் கூடாது என்று நம் தேவையை நாமே விழுங்கிக்கொள்வது. நம் சங்கோஜம் பக்கத்தில் வரும், ஆனால் சங்கோஜத்தில் கூச்சம்தான் தூக்கல், இதில் மரியாதையும் கரிசனமும் சேர்ந்தே இருக்கும். நாலு தலைமுறையாக இந்த மண்ணில் கிடக்கிற நமக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் மேல் "டாக்டரை எதிர்த்துப் பேசாதே" என்கிற நம் வீட்டு வளர்ப்பு வேறு. இங்கே டாக்டரையும் சயா என்கிறோம், பள்ளிக்கூட வாத்தியாரையும் சயா என்கிறோம். வாத்தியார் முன்னால் நின்று "நீங்கள் கொடுத்த வீட்டுப்பாடத்தை நான் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை" என்று எந்தப் பையன் சொல்வான்? உங்கள் அப்பாவின் ஹொக்கேக்கு "நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, உங்கள் மனம் நோகக் கூடாது" என்றுதான் அர்த்தம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற டாக்டர் ஏமாந்துபோவார். நானும் ஏமாந்திருக்கிறேன்.

அரிசி ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் இரண்டு வருடம் என்னிடம் வந்தார். பிரஷர் எப்போது பார்த்தாலும் 160-க்குக் கீழே இறங்காது. "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்பேன், "போடுறேன் சயா" என்பார். அம்லோடிபின் என்கிற பிரஷர் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினேன், இறங்கவில்லை. எனலாப்ரில் என்று இன்னொன்றைச் சேர்த்தேன், அதற்கும் அசையவில்லை. ஒரு நாள் அவர் மனைவி காய்ச்சல் என்று தனியாக வந்தார். கைப்பையில் எதையோ தேடும்போது மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது, நான் அவருக்கு எழுதிக்கொடுத்த அதே மாத்திரை, பிளேடால் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். மெதுவாகக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. அந்த அம்மாவுக்கும் பிரஷர் இருந்திருக்கிறது, இரண்டு பேருக்கும் மருந்து வாங்கக் காசு இல்லை, ஒரு சீட்டை வைத்து ஆளுக்குப் பாதி. பெரியவர் ஒரு நாளும் என்னிடம் பொய் சொல்லவில்லை. போடுகிறீர்களா என்று கேட்டேன், அவர் போட்டுக்கொண்டுதான் இருந்தார். என் கேள்விதான் கோணல். இதில் ஆபத்து என்னவென்றால், பாதி போடுகிறவருக்கு முழுதாகப் போடுவதாக நினைத்து நான் அளவை ஏற்றிக்கொண்டே போகிறேன். என்றைக்காவது அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நர்ஸ் என் சீட்டைப் பார்த்து அத்தனையையும் முழு அளவில் கொடுத்திருந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிருக்கும். சர்க்கரை மாத்திரையிலும் இதே கதைதான், அதில் ஆள் மயங்கியே விழலாம்.

அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். "தினம் மாத்திரை போடறது யாருக்கும் சலிப்புதான், எனக்கே என் மாத்திரை விட்டுப்போகும். போன வாரம் ஏழு நாளில் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" இதுதான் இப்போது என் கேள்வி. விட்டுப்போவது சகஜம் என்று நானே முதலில் ஒத்துக்கொண்டுவிட்டால் அவருக்கு என் முகத்தைக் காப்பாற்றுகிற வேலை இல்லாமல் போகிறது. "மூணு நாள் இருக்கும் சயா" என்று வரும். அந்த விநாடியில் டாக்டர் முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அப்புறம் எப்படிக் குறையும்?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அவர் வாயில் உண்மை வராது. "சொன்னது நல்லதாப் போச்சு, எந்த மூணு நாள்?" என்று கேட்டால் காரணம் தானாக வரும்: அன்றைக்கு விடியற்காலை வயலுக்குப் போனேன், மாத்திரை வீட்டில் இருந்தது. அல்லது அமாவாசை விரதம். அல்லது, சொல்லத் தயங்கித் தயங்கி, காசு.

உங்கள் டாக்டர் பேசி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பவராக இருப்பார், நாங்கள் எல்லாருமே அப்படித்தான். அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பதில்தான் உண்டு. டாக்டர் சொன்னதில் 40-லிருந்து 80 சதவீதம் வரை அறையை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே மறந்துபோகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சரியான எண் எதுவானாலும் என் கிளினிக் வாசலில் மருந்து கொடுக்கிற பெண்ணைக் கேட்டால் 80 பக்கம்தான் கை காட்டுவாள். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. "நான் சரியாச் சொன்னேனான்னு எனக்கே தெரியலை. வீட்டுல அம்மா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று அவரையே திருப்பிச் சொல்லவைப்பது. கவனியுங்கள், பரீட்சை எழுதுவது நான், அவர் இல்லை. முதல் தடவை இப்படிக் கேட்டபோது ஒரு பாட்டி "ரெண்டு மாத்திரையையும் காலையில போடணும், அதுக்கப்புறம் சாப்பிடக் கூடாது" என்றார். நான் சொன்னது சாப்பிட்ட பிறகு போடு என்று. அரை நிமிஷத்தில் பிடிபட்டது. கேட்காமல் விட்டிருந்தால் ஒரு மாதம் அந்தப் பாட்டி காலையில் பட்டினி கிடந்திருப்பார்.

இன்னொன்று, டாக்டர்கள் பேசவே விடுவதில்லை என்கிற புகார். அது உண்மைதான். 1984-ல் அமெரிக்காவில் டாக்டர் அறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து கேட்டுப் பார்த்தார்கள். நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிட்டார். நாற்பது பேர் வெளியே காத்திருக்கும்போது நானும் அதைவிடக் குறைவாகத்தான் விட்டிருப்பேன். 2007-ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. கடைசியில் கேட்கிற ஒரே ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார்கள், "இல்லை" என்ற பதிலை எதிர்பார்க்கிற தொனி இல்லாமல் "இருக்கிறது" என்பதை எதிர்பார்க்கிற தொனியில் கேட்டார்கள், அவ்வளவுதான். மனதிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற கவலைகள் பெருமளவு குறைந்தன. அது ஆங்கிலத்தில் நடந்தது, அப்படியே தமிழுக்குப் பொருத்த முடியாது. ஆனால் "வேற ஒன்னும் இல்லையே?" என்று நான் கேட்டால் "இல்லை சயா" என்று எழுந்துவிடுகிறார்கள், "வேற என்ன சொல்லணும்னு நெனச்சு வந்தீங்க?" என்று கேட்டால் மறுபடி உட்காருகிறார்கள். அப்படி உட்கார்ந்த பிறகு வருவதுதான் பலசமயம் நிஜ வியாதி. உங்கள் அப்பா காலைப் பற்றிச் சொல்லாமல் வந்திருப்பதும் அந்த வாசலில்தான் நின்றுபோயிருக்க வேண்டும்.

வியாதிக்கு நாம் வைத்திருக்கிற பெயரே பாதிக் குழப்பம் பண்ணுகிறது என்பது என் சொந்த அபிப்பிராயம். தமிழில் ரத்தக் கொதிப்பு என்கிறோம், பர்மியத்தில் த்வேதோ, ரத்தம் ஏறுவது. கொதிக்கிறது ஏறுகிறது என்றால் அது தெரியத்தானே வேண்டும்? அதனால் பிடரி இழுத்தால், கோபம் வந்தால், தலை கனத்தால் அன்றைக்கு ஒரு மாத்திரை, மற்ற நாள் வேண்டாம். உண்மையில் பெரும்பாலானவர்களுக்குப் பிரஷர் ஏறுவது தெரியவே தெரியாது, அதுதான் அந்த வியாதியின் கெட்ட குணம். சர்க்கரை என்ற பெயரும் அப்படித்தான். டீயில் சீனியை நிறுத்திவிட்டேன் சயா என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மத்தியானம் தட்டு நிறையச் சோற்றைக் குவித்து ஙாப்பியோடு (பர்மிய மீன் விழுது) சாப்பிடுவார்கள். பெயரில் சோறு இல்லையே. பர்மியர் ஸீஜோ என்கிறார்கள், தித்திக்கிற சிறுநீர், அதனால் எறும்பு மொய்க்கவில்லை என்றால் வியாதி போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே புதிதாக வருகிறவரிடம் நான் முதலில் விளக்கம் சொல்வதில்லை. "இது எதனால வந்ததுன்னு நீங்க நினைக்கிறீங்க? மாத்திரை உள்ளே போய் என்ன பண்ணுதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். அவர் மனதில் ஒரு கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்காமல் நான் என் கதையைச் சொன்னால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், வீட்டுக்குப் போனதும் அவர் கதைதான் ஜெயிக்கும்.

மருந்தின் பக்க விளைவை முன்கூட்டியே சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சில டாக்டர்கள் மறைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே நிறையப் பார்க்கிறோம். வழக்கமான வகைக்கு ஆறு மாத மருந்து, முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு. அதில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று சிறுநீரை ஆரஞ்சுச் சிவப்பாக்கும். ஒரு தீங்கும் இல்லை, மருந்து வெளியே போகிற நிறம், அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் அனுப்பினால் இரண்டாம் நாள் காலையில் அந்த ஆள் ரத்தம் போகிறது என்று நடுங்கிப்போய் அத்தோடு மருந்தை நிறுத்திவிடுவார். சொல்லி அனுப்பினால் அதே சிவப்பைப் பார்த்து "டாக்டர் சொன்ன மாதிரியே ஆகுது" என்று நம்பிக்கை கூடும். உங்கள் அப்பா விஷயத்திலும் இதைப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு போட்டு அளவை மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். மூன்றுக்கும் மாற்று உண்டு. ஆனால் அவர் "கால் வீங்குது" என்று சொன்னால்தானே மாற்ற முடியும்? சொல்லாமல் தானே நிறுத்திக்கொள்கிறார், பிடிவாதம் என்று நாம் பெயர் வைக்கிறோம்.

இனி கொஞ்சம் உங்கள் பக்கம் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் அறையில் நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் டாக்டரின் கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொல்கிறீர்கள், அப்பாவின் பர்மியம் கடைத்தெருப் பர்மியம் என்பதால். நல்ல எண்ணம்தான். ஆனால் அறுபது வயது மனிதர், குடும்பத்தை நடத்தியவர், தன் மகன் தன் உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் புகார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலையாட்டுவதைத் தவிர அவருக்கு அங்கே என்ன வேலை? அதோடு மொழிபெயர்ப்பில் விழுந்துபோவது நிறைய. நெஞ்சு கரிக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று நாம் மூன்று சொல்கிறோம், மூன்றும் டாக்டருக்கு வேறு வேறு வியாதி. பேரப்பிள்ளைகள் மூன்றையும் "நெஞ்சு வலி" என்று ஒரே பர்மியச் சொல்லில் சொல்லிவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். வெட்கப்படுகிற விஷயமென்றால் கேட்கவே வேண்டாம். சர்க்கரையில் ஆண்களுக்கு வருகிற பலவீனத்தை எந்த அப்பா மகன் வாயால் டாக்டரிடம் சொல்வார்? அடுத்த தடவை "அப்பா முதலில் தனியாக ஐந்து நிமிஷம் பேசட்டும், தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்" என்று நீங்களே சொல்லிவிட்டு வெளியே உட்காருங்கள். அரைகுறைப் பர்மியத்தில் அவரே சொன்னாலும் பரவாயில்லை.

பயமுறுத்தலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். "இப்படியே போனால் காலை எடுக்கணும்" என்று டாக்டர் சொன்ன மாதம் அப்பா ஒழுங்காக இருந்தார், அப்புறம் மறுபடி பழையபடி, பிறகு டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறார். இதில் ஆச்சரியம் இல்லை. பயம் கொஞ்ச நாள் வேலை செய்யும், என்ன செய்தால் தப்பிக்கலாம் என்பதையும் கூடவே காட்டாவிட்டால் ஆள் பயமுறுத்தினவரைத்தான் தவிர்ப்பார். சோதனையும் அவருக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. டாக்டரிடம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் மட்டும் சோற்றைக் குறைத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் வெறும்வயிற்றுச் சர்க்கரை அழகாகத்தான் வரும். எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி அதற்கு மசியாது. அதை எடுத்துப் பார்ப்பது நல்லது, ஆனால் திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி அவர் முன்னால் காகிதத்தை ஆட்டக் கூடாது. "இது ஏன் ஏறியிருக்குன்னு நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று நான் தொடங்குவேன். பிறகு எதைத் தொடுவது என்று அவரையே கேட்பேன். டீக்கடையை விடமாட்டேன் என்பார், சரி, விட வேண்டாம், காலையில் கூட்டாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள். கண்டென்ஸ்டு பால் ஊற்றிய சோ செய்ன் டீ நாளைக்கு மூன்று என்பது ஒன்று ஆகுமா? மற்ற இரண்டுக்கு மேசையில் சும்மா வைத்திருக்கிற வெறும் தேத்தண்ணி? அவர் வாயால் "ரெண்டு ஆக்கிக்கறேன்" என்றால் அந்த இரண்டு, நான் எழுதிக்கொடுக்கிற பூஜ்யத்தைவிட மேல்.

இதெல்லாம் எவ்வளவு நிரூபணமானது என்று நியாயமாகவே கேட்பீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது: நீண்ட நாள் வியாதிகளில் வசதியான நாடுகளிலேயே பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் சொன்னது, ஆகவே உங்கள் அப்பா விதிவிலக்கு இல்லை. 2009-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சரியாகப் பேசாத டாக்டரிடம் போகிறவர்கள் மருந்தை விடுகிற அபாயம் 19 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஆனால் அதில் பெரும்பாலானவை இரண்டும் சேர்ந்து போகின்றன என்று காட்டுகிறவை, ஒன்றால்தான் மற்றது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. நன்றாகப் பேசுகிற டாக்டருக்கு நேரமும் இருந்திருக்கும், அவரிடம் வருகிறவருக்குக் காசும் இருந்திருக்கும். திருப்பிச் சொல்லவைப்பது ஞாபகத்தைக் கூட்டுகிறது என்பதில் சந்தேகம் குறைவு, அதனால் சர்க்கரை எவ்வளவு இறங்கும் என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆனாடே பற்றி நான் சொன்னது முழுக்க முழுக்க என் கிளினிக் நாற்காலியிலிருந்து பார்த்தது. நோயாளி பக்கத்திலிருந்து செய்யக்கூடியதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1988-ல் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளிடம் டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் இருபது நிமிஷம் உட்கார்ந்து, அவர்கள் கேஸ் பேப்பரையே காட்டி, என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று பழக்கினார்கள். டாக்டருக்கு ஒரு பயிற்சியும் இல்லை. அந்தக் குழுவின் மூன்று மாதச் சர்க்கரை 10.6-லிருந்து 9.1-க்கு வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் உங்கள் கையில் இருப்பது அதுதான்: பெகுவிலிருந்து பஸ்ஸில் வரும்போது உங்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதே. அப்பாவிடம் கேட்டு, அவர் சொல்கிற மூன்று விஷயத்தை அவர் வார்த்தையிலேயே ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், நாட்டு மருந்துப் பொடி, மருந்துக்கடையில் சின்னப் பிளாஸ்டிக் பையில் நாலைந்து மாத்திரை கலந்து கட்டிக்கொடுப்பார்களே அது, எல்லாம். அந்தக் கலவையில் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதற்கு வேறு காரணமே தேட வேண்டாம். காசு நெருக்கடி என்றால் மறைக்காமல் "இதில் எதை மட்டும் விடவே கூடாது?" என்று கேட்கச் சொல்லுங்கள். என்னிடம் அப்படிக் கேட்கிறவர்கள் மீது எனக்கு மரியாதைதான் கூடுகிறது.

டாக்டரை மாற்றுவதா? அவசரப்பட வேண்டாம். கடந்த சில வருடங்களில் டாக்டர்கள் எத்தனையோ பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், ஆறு வருடமாக ஒரே ஆளைத் தெரிந்த டாக்டர் கிடைப்பது சாதாரணம் இல்லை. தமிழ் டாக்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. தமிழிலேயே அழகாகத் திட்டுகிற டாக்டர்கள் உண்டு. மேலே சொன்னபடி இரண்டு மூன்று தடவை போய்ப் பாருங்கள். அப்பா "மாத்திரை விட்டுப்போச்சு" என்று சொன்ன பிறகும் அவர் குரலை உயர்த்தினாரென்றால், கேள்வி கேட்டதற்காகவே முகம் சுளித்தாரென்றால், அப்போது மாற்றுங்கள், பழைய சீட்டுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு.

கடைசியாகத் தீமிதி. இதை டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று அப்பா மறைத்திருக்கிறார், நீங்களும் மறைத்திருக்கிறீர்கள். இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை, உடனே சொல்லியாக வேண்டும். எறும்பு ஊர்கிற கால் என்பது நரம்பு கெட ஆரம்பித்ததன் அடையாளமாக இருக்கலாம். உணர்ச்சி குறைந்த கால் சுட்டால் தெரியாது, நெருப்பில் மட்டும் இல்லை, சித்திரை வெயிலில் கோயில் சிமெண்டுத் தரையில் நடந்தால்கூடக் கொப்பளம் வரும், மறுநாள்தான் பார்ப்பார். சர்க்கரை இருக்கிற காலில் அந்தப் புண் ஆறுவது பெரும்பாடு. அதற்கு முன்னால் விரதம் வேறு இருப்பார். கிளைபென்கிளமைடு, கிளிக்லசைடு மாதிரி சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து கோயிலிலேயே விழுந்துவிடலாம். இந்த வாரமே டாக்டர் காலைத் தொட்டு ஊசிமுனை, பஞ்சு வைத்துப் பார்க்கட்டும், விரத நாளுக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்றும் எழுதித் தரட்டும். நான் அப்பாவைப் பார்த்தால் "நெருப்பு மிதிக்காதே" என்று ஆரம்பிக்க மாட்டேன். "அம்மனுக்கு என்ன வேண்டிக்கிட்டீங்க, யாருக்காக?" என்று கேட்பேன். என்னிடம் வந்த ஒருவர் பேத்திக்காக வேண்டியிருந்தார். கோயில் பூசாரியிடம் அவரையே கேட்கச் சொன்னேன், பூசாரி பால்குடம் எடு, போதும் என்று சொல்லிவிட்டார். நான் சொல்லியிருந்தால் ஹொக்கே என்று தலையாட்டிவிட்டுப் போய் மிதித்திருப்பார்.